மேசைக்கு அடியில்

— என்னங்க, ரூபி எந்திரிக்கவே மாட்டேங்குறா. மூணு தடவ கூப்பிட்டுட்டேன், வால மட்டும் ஒரு தட்டு தட்டுறா.

— தூங்குறா பிரான்சி. வெயில் அப்படி.

— ஈஸ்டர் அன்னிக்கு வீடே மட்டன் வாசனையா இருக்கு, ரூபி தூங்குவாளா? போன வருஷம் அடுப்படி வாசலை விட்டு நகரல. இன்னிக்கு நம்ம சாப்பிட உக்காந்ததுலேந்து மேசைக்கு அடியில ஒரே மூலையில கெடக்கா. மூச்சு வேற வாங்குது.

— விடு பிரான்சி. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்.

— நாளைக்கா? பின்னாடி முருங்கைகிட்ட மூத்திரம் போயிருக்கா, டிகாஷன் கலர்ல இருக்குங்க! நான் போன் போட்டாச்சு. ஸ்பீக்கர்ல வைக்கிறேன், நீங்களும் கேளுங்க. ஹலோ, டாக்டர் தம்பி? கே.கே. நகர் பிரான்சி பேசுறேன். ரூபி வீடு.

— சொல்லுங்கக்கா, நவ்ஷாத்தான் பேசுறேன். ஹாப்பி ஈஸ்டர். ரூபி எதையாச்சும் முழுங்கிட்டாளா?

— தெரியலயே தம்பி. ரெண்டு நாளா மந்தமா இருந்தா. இன்னிக்குப் படுத்தவ எந்திரிக்கல. மூத்திரம் டிகாஷன் மாதிரி போகுது.

— ஒரு நிமிஷம்க்கா, பதறாதீங்க. மேல் உதட்டத் தூக்கி ஈறு என்ன கலர்ல இருக்குன்னு பாருங்க.

— என்னங்க, நீங்க விரிப்புக்குள்ள குனிஞ்சு தூக்குங்க, உங்ககிட்டதான் பேசாம இருப்பா... மாதாவே! வெள்ளையா இருக்காம் தம்பி. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி.

— சரிக்கா. வெங்காயம் போட்ட சாப்பாடு ஏதாச்சும் குடுத்தீங்களா?

— வெங்காயமா? அவளுக்குத் தனிச் சட்டி தம்பி, தனிச் சோறு. கோழிக்கால் வேக வச்சு, உப்புகூடப் போடாம பிசைஞ்சு வைக்கிறேன். வெங்காயம் நாய்க்கு ரத்தத்தையே அழிச்சிடும்னு நீங்கதான சொன்னீங்க? அன்னிலேந்து எங்க சாப்பாட்டுல ஒரு பருக்கை அவளுக்குக் கெடையாது.

— அப்படிச் சொன்னாரா? எப்ப?

— கிளினிக் போனப்ப நீங்க வெளியில கார் பக்கத்துல போன் பேசிக்கிட்டு நின்னீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?

— அக்கா, கேளுங்க. எனக்கு அந்தச் சந்தேகந்தான் வருது. அதுவும் இன்னிக்கு ஒரு நாள் சாப்பிட்டதுல வந்தது இல்ல. கொஞ்ச நாளாவே போயிருக்கணும். வீட்டுல வேற யாராச்சும் குடுக்குறாங்களா?

— வீராயி! வேற யாரு? பாத்திரம் தேய்க்கிறப்ப மீந்ததையெல்லாம் வழிச்சுப் போட்டிருப்பா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன் தம்பி அவகிட்ட. என்னங்க, உங்க போனக் குடுங்க. இப்பவே கேக்குறேன். நாளையிலேந்து வேலைக்கே வர வேணாம்.

— பண்டிகையும் அதுவுமா ஏன் பிரான்சி...

— பண்டிகை என்ன பண்டிகை! எம்புள்ள இங்க உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கா. போனக் குடுங்க.

— வீராயி இல்ல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— வீராயி இல்லன்னு சொல்றேன்ல! நான்தான்.

— என்ன நான்தான்?

— நான்தான் குடுத்தேன். எனக்குத் தெரியாது பிரான்சி. வெங்காயம் ஆகாதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.

— ஒரு நிமிஷம் விக்டர் சார். எவ்வளவு குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க. அதை வச்சுத்தான் ட்ரிப்ஸ் போதுமா, ரத்தம் ஏத்தணுமான்னு நான் பாக்கணும்.

— கொஞ்சம்தான் டாக்டர். ஒரு கை. எப்பவாச்சும்.

— எப்பவாச்சும் ஒரு கை குடுத்தா ஈறு இப்படி வெளுக்காது சார்.

— ஒரு கைதான்னு சொல்றேன்ல.

— இருங்க தம்பி, நான் மேசைவிரிப்பத் தூக்கி அவள வெளிய இழுக்குறேன். வாடி தங்கம், அம்மாகிட்ட... என்னங்க இது?

— விடு பிரான்சி.

— கறி! அவ மூக்குக்கு முன்னாடி குவிச்சுக் கெடக்கு. அப்படியே, ஒண்ணுகூடத் தொடாம. ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனீங்களேங்க. ‘இன்னும் ரெண்டு துண்டு போடு’ன்னு. நான் மனசு குளிர்ந்து போயி நல்லியாப் பாத்துப் போட்டேன். மொத்தமும் இங்க இருக்கு!

— சார், இப்பவாச்சும் உண்மையச் சொல்லுங்க. அவளுக்கு நேரம் இல்ல.

— வெங்காய சாம்பார், புளிக்குழம்பு, முட்டைக் குழம்பு. பிரான்சி என் தட்டுல என்ன போட்டாளோ அது.

— பாதித் தட்டா?

— முழுசும்.

— எத்தன நாளா சார்?

— சாம்பல் புதன்லேந்து.

— அது எப்பன்னு எனக்குத் தெரியாதே சார்.

— நாப்பத்தஞ்சு நாளுக்கு மேல ஆச்சு தம்பி! தவக்காலம் தொடங்குன நாள். அன்னிலேந்து ஒருசந்தி இருக்கேன்னாரு. காலையிலயும் மத்தியானமும் கிடையாது, ராத்திரி ஒரு வேளைதான் சோறுன்னாரு. அந்த ஒரு வேளைய நான் எப்படிப் பாத்துப் பாத்து ஆக்குனேன்! பிரசங்கத்துல ஃபாதர் இவர் பேரச் சொன்னாரு, விக்டர் மாதிரி நோன்பு இருக்கணும்னு. நான் பெஞ்சுல நிமிந்து உக்காந்திருந்தேன்.

— அக்கா, அதெல்லாம் அப்புறம். உடனே கிளம்புங்க. நான் காட்டூர் கிளினிக்கைத் தொறந்து வைக்கிறேன். வாய் வழியா எதுவும் குடுக்காதீங்க, போர்வையில வச்சுத் தூக்கிட்டு வாங்க. பொன்மலை வழியா வந்துருங்க.

— பொழைச்சிப்பாளா தம்பி?

— சீக்கிரம் வாங்கக்கா. இன்ஷா அல்லாஹ் பாத்துக்கலாம். வெயிட் வேற கூடிப் போச்சு அவளுக்கு, போன வாரம் ஊசிக்கு வந்தப்பவே நாலு கிலோ ஏறியிருந்தா. வைக்கிறேன்.

— நாலு கிலோ. எங்கேந்து ஏறுச்சுன்னு இப்பத்தான் தெரியுது. நிக்காதீங்க, அந்தப் பக்கம் புடிங்க. தூக்குங்க.

— இரு... கொஞ்சம் இரு.

— என்ன இரு? தண்ணிக் கேனை மாடிக்கு ஒத்தக் கையில ஏத்துற ஆளு, நாயத் தூக்க மூச்சு வாங்குது! விடுங்க, நானே தூக்கிக்கிறேன். நீங்க வண்டிய எடுங்க.

— பின் சீட்டுல படுக்க வை. தலையை மடியில வச்சுக்க.

— எனக்குத் தெரியும். போங்க. ரூபி, கண்ணத் தொறடி. இந்தா பாரு, கார்ல போறோம்.

— என்னைத் திட்டணும்னா திட்டு பிரான்சி.

— திட்டி என்ன ஆகப் போகுது? ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நேராச் சொல்லுங்க. எங்க சாப்பிடுறீங்க?

— எங்கயும் இல்ல.

— நாப்பத்தஞ்சு நாள் ஒரு மனுஷன் சாப்பிடாம இருக்க முடியுமா? ஆபீஸ் பக்கம் மெஸ்ஸா? இல்ல, வேற ஏதாச்சும் வீட்டுல இலை போடுறாங்களா?

— பைத்தியம் மாதிரி பேசாத.

— பைத்தியந்தான். பேண்ட்டு இடுப்புல நிக்கல, நோன்புன்னு நெனச்சேன். கல்யாண மோதிரத்துல நூலைச் சுத்திப் போட்டிருக்கீங்க, அதுவும் நோன்புன்னு நெனச்சேன். அடுத்த மாசம் நம்ம பொண்ணு ஷெர்லின் கல்யாணத்துக்குப் போடத் தைச்ச கோட்டு தொளதொளன்னு தொங்குது, டெய்லரைத் திட்டுனேன். மணப்பாறையிலேந்து உங்க அக்கா குடுத்துவிட்ட முறுக்கு டின் மாசக்கணக்கா அப்படியே இருக்கு. எல்லாத்துக்கும் ஒரு காரணம் நானே சொல்லிக்கிட்டேன், பாருங்க, நான் பைத்தியந்தான்.

— ஸ்பீட் பிரேக்கர் வருது. அவளப் புடிச்சுக்க.

— பேச்ச மாத்தாதீங்க. என் சமையல் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாம்ல? இருபத்தஞ்சு வருஷமா ஒருநாள் ஒரு குறை சொன்னதில்லை. அதுக்கெல்லாம் சேர்த்தா இப்படி? எனக்கு வலிக்குதுங்க.

— சமையல்ல ஒண்ணும் இல்ல.

— பின்ன? பூசை முடிஞ்சு வந்து கால் மாத்தி நின்னு அரைக்கிலோ சின்ன வெங்காயம் உரிச்சேன். மிளகும் சோம்பும் வறுத்து அரைச்சு, இறக்குறப்ப தேங்காப்பால் ஊத்தி. உங்க அப்பா சொல்லிக் குடுத்த பக்குவம். கடைசியில தொண்டையில ஒண்ணுமே எறங்காம ஆஸ்பத்திரியில கெடந்தாரே, அப்பகூட இந்தக் கறித்தண்ணிய நாக்குல ஒரு சொட்டு விடச் சொல்லி சைகை காட்டுனாரு. அப்பனுக்கு அப்படி இருந்தது, மகனுக்கு நாய்க்குப் போடுற மாதிரி ஆயிடுச்சா?

— பிரான்சி...

— சொல்லுங்க. அரியமங்கலம் தாண்டியாச்சு. கிளினிக் வாசல்ல நின்னு இதையெல்லாம் கேக்க மாட்டேன். ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டே சொல்லுங்க. என் கையால ஆக்குனது ஏன் உங்களுக்கு ஆகல?

— கறி நல்லா இருந்துச்சு பிரான்சி. மென்னு பாத்தேன், அதே ருசிதான். ஷெர்லின் கல்யாணம் முடியட்டும்னுதான் வாயத் தொறக்கல... அப்பாவுக்கு எறங்காத மாதிரியே எனக்கும் எறங்க மாட்டேங்குது.