மணப்பெண் வண்டியின் சக்கரங்கள்

என் பெயர் ஒக்னென் லாஸிச், வயது முப்பத்து நான்கு, தகப்பனார் பெயர் மிலுதின். வல்யெவோ நகரில், ஆற்றுப்பாலத்தை ஒட்டிய குடியிருப்பில் மனைவியுடன் வசித்து வருகிறேன். சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறையில் வேலை. சனிக்கிழமை நடந்த கார் விபத்தைப் பற்றி அன்று நான் சொன்னது பொய் என்பதால், இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

வேல்கோவின் கல்யாணத்துக்கு நான்தான் மாப்பிள்ளைத் தோழன். எங்கள் வழக்கத்தில் அது ஒருநாள் வேலை அல்ல, கூடப்பிறந்தவனுக்கும் மேலான உறவு; பிறக்கும் குழந்தைக்குப் பெயர் வைப்பதும் தோழன்தான். மணப்பெண் இரேனா ஏழு மாதக் கர்ப்பிணி. தேவாலயத்துக்குப் போகும் மேட்டுப் பாதை பாதிக்கு மேல் கல் பாவியது. குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வேல்கோ என்னிடம் வந்து, "மச்சான், என் வேன்ல ஏத்தினா புள்ள வழியிலயே பொறந்துடும். உன் கார்ல கூட்டிட்டு வா. ஆனா அந்த மினுக்குற சக்கரத்தைக் கழட்டிடுடா, அதுல உக்காந்தா எனக்கே இடுப்பு கழண்டுடுது" என்றான்.

அதன் பிறகு இருவரும் கோஸ்தாவின் டயர் கடைக்குப் போனோம். என் காரில் இருந்தவை பதினெட்டு அங்குல அலாய் சக்கரங்கள், டயரின் பக்கம் நாலு விரல் உயரம்கூட வராது. கோஸ்தா பதினாறு அங்குல இரும்புச் சக்கரத்தையும் பக்கம் உயர்ந்த டயரையும் உருட்டி வந்து, "ரப்பர் ஒசந்தா மெத்தை. பொண்ணு தூங்கிடுவா, பாதிரியார்தான் எழுப்பணும்" என்று சிரித்தார். மாட்டிக்கொண்டு அதே மேட்டுப் பாதையில் ஓட்டிப் பார்த்தோம். வேல்கோ மடியில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தான். கொஞ்சம்தான் சிந்தியது.

கல்யாணத்தன்று காலை காரை அலங்கரித்துக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா மகன்கள் பிளம் சாராயத்தோடு வந்து, "என்னடா இது, பால் வண்டியா? ட்ரம்பெட்காரன் பாத்தா ஊதுறதை நிறுத்திட்டுச் சிரிப்பான்" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்கள் போன பிறகு ஜாக்கி வைத்து நாலு சக்கரத்தையும் கழற்றிவிட்டுப் பழைய அலாய் சக்கரங்களை மாட்டினேன். குலுக்கல் தெரியாமலிருக்க நாலிலும் காற்றை இறக்கினேன். இந்த மாதிரி டயரில் காற்றைக் குறைத்தால் ரிம் அடிபடும் என்று கோஸ்தா முன்பே சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் இறக்கினேன்.

அதன் பிறகு இரேனாவை அவள் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு ஊர்வலத்துக்கு முன்னால் ஓட்டினேன். வேல்கோ தேவாலயத்தில் காத்திருந்தான். கல் பாதை தொடங்கியதும் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, டயர் மாத்தியாச்சுன்னு அவரு சொன்னாரே?" என்று கேட்டாள். "மாத்தியாச்சும்மா, ரோடு அப்படி" என்றேன். வளைவில் ஒரு பள்ளம். முன் சக்கரம் அதில் இறங்கியதும் ரிம் வளைந்து டயர் கழன்றது, கார் கல்சுவரில் மோதியது. சத்தம் கேட்டு வேல்கோ தேவாலயத்திலிருந்து ஓடி வந்தான். காரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரேனாவோடு ஆம்புலன்ஸில் ஏறினான். உங்கள் அதிகாரியிடம் பள்ளம்தான் காரணம் என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், குழாய் வழியாக மூச்சு. மருத்துவமனை நடையில் வேல்கோ என்னைக் கட்டிக்கொண்டு, "நீ ஓட்டினதால தப்பிச்சாங்கடா" என்று அழுதான். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

இன்று காலை அவன் என்னிடம், "பேர் சொல்லுடா. தோழன்தானே வைக்கணும். பெட்டியில ஒட்ட நர்ஸ் கேக்குறாங்க. சீக்கிரம்டா, பேரில்லாமப் போயிடக் கூடாது" என்றான். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நேராக இங்கே வந்துவிட்டேன். அவன் இன்னும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பான்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. என்னை இங்கேயே நிறுத்தி வைப்பதானால், முதலில் ஓர் ஆளை அனுப்பி வேல்கோவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு வேறு யாராவது உடனே பெயர் வைக்கட்டும்.

(ஒப்பம்) ஒக்னென் லாஸிச்