போஸ்டரில் போட வேண்டிய மார்க்

பள்ளிபாளையத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது. அவள் பாடுகிறவள், புருஷன் டிரம்ஸ் வாசிக்கிறவன். சிநேகிதர்களோடு சேர்ந்து சொந்தமாக ஒரு ராக் ஆல்பம் போட்டிருக்கிறார்கள். அந்த இசை எனக்குத் தெரியாது. பேச்சு நன்றாகவே புரிந்தது.

"ஒம்பது மார்க் போட்டவரு நம்ம பாட்டக் கேக்கவே இல்ல" என்றான் அவன்.

"கேக்காமயா பத்துக்கு ஒம்பது போடுவாங்க?"

"வயலின் அருமைன்னு விமர்சனத்துல எழுதியிருக்காரு. நம்மகிட்ட ஏது புள்ள வயலினு?"

அவள் சிரித்துவிட்டாள். "இருந்துட்டுப் போவுதுங்க. செவ்வாய்ப்பேட்டை அச்சாபீஸ்ல காத்துட்டிருக்காங்க. கச்சேரி போஸ்டர்ல ஒம்பதுன்னே போட்டுரலாம்."

"இன்னொருத்தரு விமர்சனத்துல போட்ட ஆறு மார்க்கப் போடு."

"அதுல உங்களத்தானுங்க கொற சொல்லியிருக்குது. நாலாவது பாட்டுல டிரம்ஸ் தாளத்துக்குப் பின்னால இழுக்குதாம்."

"இழுக்கத்தான் செஞ்சுது. அன்னைக்கு எனக்குக் காச்சலு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"சொன்னா ரெக்கார்டிங்க நிறுத்தியிருப்ப. பக்கத்துல நின்னு பாடுன உனக்கே தெரியல. எங்கியோ உக்காந்து கேட்ட மனுசன் கண்டுபுடிச்சிருக்காரு. எட்டுப் பாட்டுக்கும் தனித்தனியா எழுதியிருக்காரு பாரு. நம்மள இப்படி யாரு கேட்டிருக்கா?"

அவள் புறங்கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள், அந்தக் காய்ச்சல் இன்னும் இருப்பதுபோல. பிறகு அச்சாபீசுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, பத்துக்கு ஆறுன்னு போடுங்க. ஆமாங்க, ஆறுதான். நல்லாப் பெருசாவே போடுங்க."