வாசலில் சொன்ன "வாறன்"

சைரன் ஊதுகிறது. சுவிஸில் இந்த ஆராவ் நகரம் முழுக்க ஊதுகிறது. எண்பத்தாறு மாசி. புதன்கிழமை. மத்தியானம் ஒன்றரை. நான் கூட்டின தும்புத்தடியைப் போட்டுவிட்டுக் கத்துகிறேன்.

"ஐயா! குனியுங்கோ! மேசைக்குக் கீழ!"

வீட்டுக்கார ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எனக்கு முதலே மேசைக்குக் கீழே இருந்தார்.

அது வெறும் சோதனைச் சைரனாம். எங்கள் உடம்புக்கு அது தெரியவில்லை. அவர் யூதர். ஓவியர். தன் காலத்துப் போரில் தனியாக எல்லை தாண்டி வந்தவர். நான் யாழ்ப்பாணத்துச் செல்லடியில், பீரங்கிக் குண்டுகளில் தப்பியவள். புதனும் வெள்ளியும் அவர் வீடு துடைத்தேன்.

மேசைக்குக் கீழிருந்து அந்தப் படம் நேரே தெரிந்தது. ஒரு படகு. ஆறு பேர். அவருடைய தாய் வாசித்துக் காட்டிய கதைப் புத்தகத்து ஆட்கள். உப்பு விற்கிறவன், ஊமைத் தையல்காரி, இன்னும் நாலு பேர். முகங்கள் மட்டும் அவர் வீட்டாருடையவை. அவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. போட்டோவும் மிஞ்சவில்லை.

என் சின்னவன், இளைய மகன், செல் விழுந்து செத்துப்போனான். அவன் போட்டோ வீட்டோடு எரிந்தது. ஐயாவுக்குக் கையால் காட்டினேன். நெற்றி இப்படி. பல்லிடுக்கு இங்கே. கீறினார். அழித்தார். வைகாசியில் படகில் ஏழாவது ஆள் இருந்தான். துடுப்புப் பிடித்திருந்தான். அவனேதான்.

வேலை முடிய வாசலில் நின்று ஜெர்மனில் "இஹ் கொம்ம" என்பேன். நம்முடைய "வாறன்" அது. வீட்டில் சொன்னால் மகள் சிரிப்பாள்.

"அம்மா, நீங்கள் திரும்பி வருவீங்கள் எண்டெல்லோ அவர் நினைப்பார்."

"போடி விசரி. வாசலில நிண்டு போறன் எண்டு சொல்லலாமோ?"

ஆவணி. வெள்ளிக்கிழமை. படத்தைச் சுருட்டிக் கட்டியிருக்கிறார். அதைக் காட்டுகிறார். என்னைக் காட்டுகிறார். நீளமாகச் சொல்கிறார். திங்கள் என்ற ஒரு சொல்தான் விளங்கியது. திருப்பிக் கேட்கக் கூச்சம். "இஹ் கொம்ம" என்றேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

புதன் போனேன். கதவு திறந்து கிடக்கிறது. வீடு வெறுமை. மகளைக் கூட்டிவந்து கீழ்வீட்டு மனுசியிடம் கேட்டேன். திங்கள் அவரை முதியோர் இல்லத்துக்கு ஏற்றினார்களாம். அதுக்கு முதல் படத்தை மடியில் வைத்துப் பின்னேரம் வரை வாசலில் காத்திருந்தாராம். "அவள் வாறன் எண்டவள்" என்றாராம். எனக்கென்று கதவடியில் சாத்திவிட்டுப் போனாராம். செவ்வாய் வீடு ஒதுக்க வந்தவர்கள் குப்பையோடு அள்ளினார்கள். எரித்திருப்பார்கள் என்றாள் மனுசி.

அன்று காலையே ஐயாவும் இல்லத்தில் கண்ணை மூடினாராம். நான் பஸ்ஸில் இருந்த நேரம்.

இப்போது வாசல்களில் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

அவர் வீட்டார் ஆறு பேர். படத்தோடு சேர்த்து இரண்டு தரம் போனார்கள். என் சின்னவன். இரண்டு தரம். ஐயா. ஒரு தரம்.