துடைத்து வைத்த தட்டுகள்

நான் எப்போது முடிப்பேன் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத் தலைவர் தலைமையாசிரியர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை முன்பே பேசிவிட்ட மருத்துவர் அம்மா அவர்களே, நாற்காலி போதாமல் நிற்கும் பெரியவர்களே, இந்தக் கதையின் நாயகிகளும் குற்றவாளிகளுமான தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

குற்றவாளிகள் என்றேன். கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கு ஆறு மாதமாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தத் தெருக்கோடியில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை இருக்கிறது. அதன் தூசி வீடுகளுக்குள் எவ்வளவு விழுகிறது என்று அளக்க ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். அறுபது வீடுகளுக்கு அறுபது கண்ணாடித் தட்டுகள் கொடுத்தார்கள். "அலமாரி மேல் வையுங்கள்" என்றார்கள். முப்பது நாள் கழித்து வந்தார்கள், எடுத்தார்கள், அளந்தார்கள். தூசி இல்லை! இல்லை என்று அவர்கள் எழுத, அதைக் கொட்டை எழுத்தில் நான் என் பத்திரிகையில் தலைப்பாகப் போட, பட்டறை முதலாளி அந்தச் செய்தியைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்.

தூசி இல்லையென்றால், தையல்காரர் மகள் பட்டாணியின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வந்தது? நாலு வயதுப் பிள்ளை. நேற்று சொன்ன எண்ணை இன்று மறக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். பட்டறை வாசலை மிதித்தவளா? இல்லை. அவள் அப்பா அங்கே வேலை பார்க்கிறாரா? அதுவும் இல்லை.

கேட்கத்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"தட்டை என்னம்மா பண்ணீங்க?"

"பத்திரமாத்தான் வச்சிருந்தேன் சார். தெனமும் தொடைச்சிடுவேன்."

"தெனமுமா?"

"பின்னே? படிச்சவங்க வர்றாங்க. கறுப்பா படிஞ்ச தட்டை நீட்டினா என்ன குடும்பம்னு நெனைக்க மாட்டாங்களா? கடைசி நாள் சோப்புப் போட்டுக் கழுவிக் கவுத்து வச்சேன்."

"எதுக்குக் கவுத்தீங்க?"

"காயணும்ல."

சிரிக்கிறீர்கள். ஐம்பத்தேழு வீடுகளில் இதே பதில்தான். மீதி மூன்று வீடுகளில் கழுவும்போதே தட்டு உடைந்துவிட்டது.

ஆராய்ச்சிக் குழுத் தலைவரைப் பிடித்தேன். "துடைக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

"அதைக்கூடவா சொல்லணும்?"

சொல்லத்தான் வேண்டும் ஐயா. எந்த வீட்டில் கழுவாத தட்டை விருந்தாளியிடம் நீட்டுவார்கள்? அதைக் கேட்காமல் தலைப்புப் போட்டேனே, என்னை என்ன சொல்வது?

அங்கே ஓர் அக்கா ஏதோ சொல்கிறார். என்னம்மா? "அழுக்கா இருந்தா எங்களைத்தானே சொல்வாங்க?" ஆமாம், சொல்வார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல். அது உங்கள் வீட்டு அழுக்கா? பட்டறையின் அழுக்கு. உங்கள் கூரைக்குள் அது விழுந்தது. உங்கள் துணியால் அது துடைக்கப்பட்டது. உங்கள் உழைப்பால் அது மறைந்தது. உங்கள் பிள்ளையின் ரத்தத்தில் மட்டும் மறையாமல் நிற்கிறது.

இவ்வளவு ஈயம் இருந்தால் குழந்தைக்குப் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது இன்றைய மருத்துவம். மருத்துவர் அம்மா என்னிடம் சொன்னார்: "தூசி நிக்கணும் சார். ரத்தத்துல ஈயத்தை நான் எறக்க எறக்க அது ஏத்திக்கிட்டே இருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

பட்டறையின் உரிமம் இரண்டு மாதத்தில் புதுப்பிக்கப்பட இருக்கிறது. அதற்குள் தூசியைப் புதிதாக அளந்தாக வேண்டும். வாசலில் மறுபடி அறுபது தட்டுகள் காத்திருக்கின்றன. வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள், நல்லது. பிள்ளைகளின் கையைக் கழுவுங்கள், மிக நல்லது. அந்தத் தட்டை மட்டும், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தொடாதீர்கள்.

மேடை ஏறும்போது பட்டாணியின் அம்மா என்னை நிறுத்தினார். "புரிஞ்சுது சார், தொடைக்க மாட்டேன். மேல ஒரு துணி போட்டு மூடி வச்சுக்கலாமா?"

வேண்டாம் தாயே. திறந்தே கிடக்கட்டும். கறுக்கட்டும். முப்பதாம் நாள் அந்தக் கறுத்த தட்டைக் கூச்சப்படாமல் நீட்டுங்கள். அன்று நான் போடும் தலைப்பையும் முதலாளி சட்டம் போட்டு மாட்டட்டும்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுமையிழந்து கேட்டவர்களுக்கும் நன்றி. போகும்போது ஆளுக்கொரு தட்டு. வணக்கம்.