போதுமா?

நான் மெதுவாகச் சாப்பிடுகிறவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். விசாரணைக்கு இது எதற்கு என்று பார்க்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்தது மனோதத்துவம், வேலை விளம்பரக் கம்பெனியில். அங்கே மற்றவர்களுக்கு அப்பா பெயர் இருந்தது. எனக்குக் காது இருந்தது. கைக்குழந்தைக்காரிகளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, முகம் தெரியாமல் பின்னால் உட்கார்ந்து, அவரவர் அம்மாவைப் பற்றிப் பேசவிடுவேன். நினைத்துச் சொல்வது ஒன்று, தன்னையறியாமல் வாயில் வருவது ஒன்று. எனக்கு வேண்டியது இரண்டாவது. அதை வைத்துப் பால்மாவு விற்க வேண்டும்.

பதினோரு பேர் பேசியும் ஒரு வரி தேறவில்லை. "படிச்சதெல்லாம் பேப்பர்லதானாம்மா?" என்றார் மேலாளர்.

பன்னிரண்டாவதாக அக்காவைக் கூட்டிவந்தேன். எனக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள். பிறந்து மூன்று வாரமான பையனை மார்பில் போட்டுக்கொண்டு சாய்ந்தாள்.

"என்னடி இது, பல்லு புடுங்குற நாற்காலி மாதிரி?"

"அம்மாவ நெனச்சா என்னக்கா ஞாபகம் வருது?"

பையன் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "சட்டியச் சுரண்டிக்கிட்டே 'போதுமா'ன்னு கேப்பா. போதும்பேன். பொய்தான். நீ இன்னும் தின்னு முடிச்சிருக்க மாட்டியே." பையனை இறுக்கிக்கொண்டாள். "இவன அப்படிக் கேக்கவே வேணாம்டி. வயிறு முட்டக் குடிக்கிறான்."

அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டேன். சுவரொட்டியில் பால் கொடுக்கும் தாய், பக்கத்தில் டப்பா, கீழே மூன்றே எழுத்து: போதுமா? தாய்ப்பால் குறை என்று எங்கும் போடவில்லை.

அக்கா வீட்டு எதிர்ச்சுவரிலும் ஒட்டினார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தாள். படிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அது தன் வார்த்தை என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றாது, அதுதான் எங்கள் தொழில்.

பத்தாம் நாள் கேட்டாள்: "ஏன்டி, எனக்குப் பால் பத்தலையோ? அழுதுக்கிட்டே இருக்கான்."

எல்லாக் குழந்தையும் அழும் என்று எனக்குத் தெரியும். பலிக்கிறது என்று குறித்துக்கொண்டேன். மறுநாளே முதல் டப்பாவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புட்டி பழகியதும் அவளுக்குப் பால் வற்றியது. டப்பா விலை கட்டுப்படியாகவில்லை. நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டாள். பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. பையன் அழுகையை நிறுத்தியபோது வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஐந்தாம் மாதம் அவனைத் தூக்கினேன். கையில் பாரமே இல்லை. பட்டினி என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அந்த வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். கீழே படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு எட்டு நாள்தான் இருந்தான்.

தன் உடம்பில்தான் குறை என்று அக்கா இன்னும் நம்புகிறாள். ஞாயிறுதோறும் எனக்குச் சோறு போட்டுவிட்டுக் கரண்டியோடு நிற்பாள். "போதுமாடி?" அவள் கேட்டு முடிப்பதற்குள் இப்போதெல்லாம் நான் தட்டைக் கழுவிவிடுகிறேன்.

குழந்தையைக் கொன்றாயா என்றா கேட்கிறீர்கள்? நான் யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். அதுவும் எங்கள் அம்மா கேட்டதுதான்.