சைகோன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ்

வீடு பார்க்க வருகிற நம்மூர்க்காரர் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார். வெளிநாட்டுக்காரர் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பார். இருபத்தைந்து வருஷம் வீட்டுத் தரகு பார்த்ததில் நான் கண்டுபிடித்த தத்துவம் இந்த ஒன்றுதான், ஐயா. இதை எழுதாமல் விட்டாலும் பரவாயில்லை, கேஸுக்கு உதவாது.

என் பெயர் லூர்துநாதன். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன மூன்று வீட்டிலும் நான் ஜோக் சொன்னேன், அதனால்தான். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று வெளிநாட்டுக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். எல்லாருக்கும் இரண்டே கேள்வி. இடம் பத்திரமா? வாடகை கட்டுபடியாகுமா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லக்கூடிய தெரு பாண்டிச்சேரியில் ரொம்பக் குறைச்சல். வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் போனால் பத்திரமாக இருக்கலாம், பட்டினியாகவும் இருக்கலாம்.

மதாம் லியென் எழுபத்தாறாம் வருஷம் வந்தார். வியத்நாம்காரர். அவர் புருஷன் தனிஸ்லாஸ் நம்மூர் ஆள். சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சைகோனிலேயே காலமானார். அங்கே ஆட்சி மாறியதும் மதாம் ஒரே ஒரு பெட்டியோடு புருஷன் ஊரைத் தேடி வந்துவிட்டார். இங்கே பாண்டிச்சேரிக் கதிர்காமத்தில் இருந்த புருஷன் வீட்டார் வாசலில் நிற்கவைத்தே காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காப்பி நன்றாக இருந்தது என்றுதான் என்னிடம் சொன்னார். அப்படிப்பட்டவர்.

உருளையன்பேட்டையில் ஒரு முட்டுச்சந்தில் அவருக்கு வீடு பிடித்துக் கொடுத்தேன். ஆறு வீடு, எல்லாரும் ஆலைத் தொழிலாளிகள். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அதைவிடப் பத்திரம் வேறு என்ன? பின்கட்டில் ஒரு கிணறு. அதன் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. சொந்தக்காரர் கட்டித் தருவதாகத்தான் சொன்னார். கட்டினால் வாடகை ஏறும், இருக்கட்டும் விடுங்கள் என்றவன் நான்.

மதாமுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. சனிக்கிழமைதோறும் நான் சொல்லிக்கொடுத்தேன். நோட்டில் இடது பக்கம் பிரெஞ்சுச் சொல், வலது பக்கம் அதற்கான தமிழ், அதையும் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதிக்கொள்வார். பாடம் முடிந்ததும் நெம் பொரித்துத் தருவார். இறைச்சியும் சேமியாவும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற சைகோன் பலகாரம் அது. சாப்பிடும்போது நான் ஜோக் சொல்வேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார். ஐயா, என் ஜோக்குக்கு என் அம்மாகூடச் சிரித்ததில்லை.

முதல் மாதமே ஒரு விளையாட்டு செய்தேன். வாசலுக்கு யாராவது வந்தால் ‘உள்ளே வாங்க’ என்று கூப்பிட என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார். ‘வேல இருக்கு’ என்று சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் உண்மையைச் சொல்லி இரண்டு பேரும் சிரிக்கலாம் என்றுதான். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுத் தையல்நாயகி கிண்ணத்தில் மீன்குழம்பு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மறுநாள் சந்து முனையில் என் சைக்கிளை மறித்துக்கொண்டாள்.

“இன்னா தரகரே, எந்த ஊரு மரியாத இது? சிரிச்சிக்கினே கையெடுத்துக் கும்புடுது. கும்புட்டுக்கினே வேல இருக்கு, வேல இருக்குன்னு தொரத்துது.”

“அவங்க ஊரு பழக்கம்மா அது.”

“நல்லா பழக்கம். எங்க மாமியாகூட மூஞ்ச காட்டித்தான் தொரத்துவா. அது எவ்ளோ தேவல.”

நான் உள்ளே போனேன். மதாம் கூடத்தில் மூன்று நாற்காலி போட்டிருந்தார். “உள்ளே வாங்க என்றுதானே சொன்னேன், லூர்து. ஏன் போய்விட்டார்கள்?” என்று கேட்டார். நான் மூன்றாவது நாற்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் திருத்திச் சொல்ல மறந்துபோனேன் என்றால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை. ஞாபகமாகத்தான் இருந்தேன்.

நான் சொல்லிக்கொடுத்ததில் பெரும்பாலும் சுத்தமான தமிழ்தான். கத்தரிக்காய், தீப்பெட்டி, திங்கட்கிழமை, எதிலும் குறை சொல்ல முடியாது. நாலைந்து இடத்தில்தான் கை வைத்தேன். ‘பிள்ளைகள் நலமா’ என்று விசாரிக்க ஒரு வாக்கியம் கேட்டார். ‘பிள்ளைங்க சத்தம் தாங்கல’ என்று கொடுத்தேன். அதை அவர் ஆறு வீட்டுக் குழந்தைகளின் கன்னத்தையும் தடவிக்கொண்டே சொன்னார். மூன்று மாதத்தில் சந்து முழுக்க ஒதுங்கிக்கொண்டது. யாரும் அவர் வாசலை மிதிக்கவில்லை. பத்திரம் என்று அதைத்தானே சொல்கிறார்கள்.

மறு வருஷம் எதிர்வீட்டில் எவனோ பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மதாம் பயந்துபோனார். ஆபத்து என்றால் என்ன சொல்லிக் கத்த வேண்டும் என்று கேட்டார். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை, ஐயா, யோசித்துத்தான் சொன்னேன். கத்தினால் ஆட்கள் ஓடி வருவார்கள். வந்தவர்கள் உட்காருவார்கள். நாலு வார்த்தை பேசுவார்கள். பேசினால் இந்த அம்மாவுக்கு மனசில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துபோகும். அப்புறம் சனிக்கிழமை எனக்கு எங்கே இடம்?

‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிக்கொடுத்தேன்.

எழுதிக்கொண்டார். உரக்கச் சொல்லிப் பழகச் சொன்னேன். முற்றத்தில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். தையல்நாயகி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “இன்னாம்மா ஆச்சு?” என்றாள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றார் மதாம். தலை இறங்கிவிட்டது. மதாம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பழகுகிறீர்கள் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது, நிஜமாகக் கத்தினால் வருவார்கள் என்றேன். அதிலிருந்து வாரம் ஒருமுறை கத்திப் பழகுவார். சந்துக்காரர்களுக்கு அது ஆலைச் சங்குச் சத்தம் மாதிரி ஆகிப்போனது.

இந்த வருஷம் ஞானமேரி வந்தாள். தையல் பள்ளியில் கன்னியாஸ்திரீகளோடு பல வருஷம் வேலை செய்தவள், பிரெஞ்சு நன்றாகப் பேசுவாள். மாதா கோவிலில் பூசை முடிந்து மதாமிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். முதலியார்பேட்டையில் தன் வீட்டு முன்பக்கம் காலியாக இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். போன வியாழக்கிழமை மதாம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் என் எந்த ஜோக்குக்கும் வந்ததில்லை. “திங்கட்கிழமை போகிறேன், லூர்து. நீ கற்றுக்கொடுத்த நோட்டை அவளிடம் காட்டப்போகிறேன். எவ்வளவு தமிழ் தெரியும் என்று பார்த்து அசந்துபோவாள்.”

அசந்துதான் போனாள். உங்கள் மேஜைமேல் இருக்கிற நோட்டைப் படித்துச் சொன்னது அவள்தான் என்று தெரியும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு நான் போனது, முதலியார்பேட்டை பத்திரமான இடமில்லை என்று சொல்ல. சந்து முனையில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே குரல் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல் என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. சுவர் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். தையல்நாயகி மதிலண்டை வந்து கேட்டாள். அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவளைத் திட்டாதீர்கள்.

“இன்னா சைகோனம்மா?”

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.”

“ஆமாமா, ஒனக்கு வேற வேலயில்ல.” அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

நான் உள்ளே போயிருக்கலாம். கயிறு அங்கேயே இருந்தது. ஆனால் ஒருத்தர் ஓடினால் ஆறு வீடும் ஓடிவரும். தூக்கிப் போட்டதும் முதலில் கேட்கிற கேள்வி, ஏம்மா ஒண்ணுமில்லன்னு கத்தின என்பதாகத்தான் இருக்கும். எதிர்த்தாற்போல டீக்கடை. ஒரு டீ சொன்னேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது, இன்னொன்று சொன்னேன். இரண்டாவது டீ பாதியில் இருக்கும்போது குரல் நின்றது. கடைக்காரர் கோவிந்தராசு, “இன்னிக்குப் பாடம் சீக்கிரம் முடிஞ்சிபோச்சாட்டம் இருக்கு” என்றார். நான் சிரித்தேன்.

நான் தள்ளவில்லை, ஐயா. அதை எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் என்று தெரிந்தவன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். அப்படியென்றால் அவர் அத்தனை நேரமும் கூப்பிட்டது என்னைத்தானே. என் வாழ்க்கையில் என்னை யாரும் அவ்வளவு நேரம் கூப்பிட்டதில்லை.