அம்மாளுவின் மகனுக்கு ஒரு துவா

— இதோ பாரு மதீனா, இனிமே நீ எங்காத்து மாமாவுக்காக துவா கேக்க வேண்டாம். போறும்.

— என்ன மாமி, வந்ததும் வராததுமா? பஞ்சு சாருக்கு நேத்து ஆப்ரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டுன்னு சொன்னாவளே. பேசுதாவளா?

— ஐசியூலேர்ந்துதான் வரேன். பேசறார், நன்னாவே பேசறார். கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன கேட்டார் தெரியுமோ?

— தண்ணி கேட்டிருப்பாவ.

— தண்ணியையும் கேக்கலை, என்னையும் கேக்கலை. “பக்கத்து பெட்டு மதீனாகிட்ட சொல்லு ருக்கு, அவ துவா பலிச்சுடுத்து”ன்னார். நெஞ்சைப் பொளந்து தைச்சிருக்கு, மூச்சு விடவே கஷ்டப்படறார். வந்த மொத பேச்சு இதாக்கும்!

— அல்ஹம்துலில்லாஹ்.

— நீ சந்தோஷப்படுவே, ஏன் பட மாட்டே? நாப்பது வருஷமா அந்த மனுஷனுக்கு உப்பு பாத்து, எண்ணெய் பாத்து சமைச்சுப் போட்டது யாரு? சோமவாரம் சோமவாரம் பட்டினி கெடந்தது யாரு? நேத்திக்குக்கூட இந்த முட்டி வலியோட மாடுங்கா கோவில்ல பிரதட்சிணம் பண்ணிட்டு, டாக்ஸி கெடைக்காம ட்ரெயின்ல நசுங்கிண்டு வந்தேன். பேரு மட்டும் உனக்கு!

— நா பேருக்கா கேட்டேன்? எம் புருசன் யாசர் வாப்பாவும் பஞ்சு சாரும் ஒரே வார்டுல பக்கத்து பக்கத்துல கெடந்தாவ. எம் மாப்ளைக்குக் கேக்கும்போது உங்க சாருக்கும் சேத்துக் கேட்டேன். அவ்வளவுதான். தாராவியில எங்க சால்ல, அந்த வரிசை வீட்டுப் பொம்பளைய எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஓதினோம்.

— சரியாப் போச்சு. சால் பூரா எங்காத்துக்காரர் பேராக்கும்!

— பேரு மட்டும் சொன்னாக் காணுமா மாமி? உம்மா பேரும் சேத்துச் சொல்லணும்லா, இன்னாரு மவன் இன்னாருன்னு. அதான் சார்ட்டயே கேட்டேன். அம்மாளுன்னாவ.

— என்னன்னார்?

— அம்மாளு. அம்மாளு மவன் பஞ்சுவுக்குன்னுதான் எல்லாரும் கையேந்துனோம்.

— அம்மாளுவா? குருவாயூரப்பா! அம்மாளு அவரோட சித்தியாக்கும், கேட்டியா? வளத்தவ. பெத்தவ பேரு பர்வதம். இவர் தவழற வயசுலயே அவ போயிட்டா. பாவம், இவருக்கு அம்மான்னா அம்மாளுதான்.

— ஏன் மாமி, யாரு புள்ளைன்னு அல்லாவுக்குத் தெரியாதா?

— தெரியும்னா நீ எதுக்கு அவர்கிட்டப் போய் அம்மா பேரு கேட்டே?

— அது... எங்க வழக்கம்.

— ஆங்! உன் துவா அட்ரஸ் தப்பின கூரியர், கேட்டியா? வேற எந்த அம்மாளு பிள்ளைக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். இங்க பலிச்சது என்னோடதாக்கும். என்னோடது!

— சரி மாமி. உங்களோடதாவே இருக்கட்டு. நீங்க போய் சாரப் பாருங்க.

— ஏண்டி, மொகம் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? பதிலுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தா...

— யாசர் வாப்பாவ விடியக்காலம் ஆப்ரேஷனுக்கு உள்ள கொண்டு போனாவ. இன்னும் வெளிய கொண்டு வரல.

— ஐயோ, அவருக்கு நாளைக்குன்னா சொல்லியிருந்தா?

— டாக்டர் முன்னால மாத்திட்டாரு.

— வாயைத் தெறந்து சொல்லப்படாதோ?

— நீங்க எங்க சொல்ல விட்டீய? இருங்க, நர்ஸ் வாரா.

— ஷாகுல் ஹமீது கா கோன் ஹை இதர்?

— நாந்தான் சிஸ்டர், அவுக பொஞ்சாதி! மை உன்கி பீவி!

— ஔர் டைம் லகேகா, ஆன்ட்டி. ப்ளட் ருக் நஹீ ரஹா. டாக்டர் லோக் தேக் ரஹே ஹை. ஆப் பைட்டியே.

— கேட்டியளா மாமி? இன்னும் நேரமாவுமாம், ரத்தம் நிக்கலையாம். உக்காருன்னு சொல்லுதா. எப்படி உக்காருவேன்?

— உக்காரு. என் கையைப் பிடிச்சுக்கோ. இந்தா, ஒரு வாய் தண்ணி குடி.

— தண்ணி வேண்டாம். உங்களுக்கு மட்டும்தான் எரியும்னு நெனச்சீயளா? உள்ள போவும்போது அவுக எங்கிட்ட என்ன சொன்னாவ தெரியுமா? “பஞ்சு சார் சம்சாரம் கும்பிட்ட கும்பிடுதான் சாரக் காப்பாத்திட்டு. அந்தம்மாவ எனக்கும் சேத்துக் கும்பிடச் சொல்லு”ன்னாவ. எங்கிட்ட! அஞ்சு வேளையும் அவுகளுக்காவக் கையேந்துத எங்கிட்ட!

— அவரா சொன்னார்?

— அவுகதான். எங்கிட்ட “நீ துவா கேளு”ன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு வயிறு பத்திக்கிட்டு வந்துச்சு. உங்கட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். எம் மாப்ளைக்கு நா கேட்டாக் காணாதா?

— காணும்டி. ஏன் காணாது?

— விடியவே உங்கட்ட சொல்லியிருந்தா ரத்தம் நின்னுருக்குமோ மாமி?

— அசடு மாதிரிப் பேசாதே.

— இப்ப சொல்லுதேன். கும்பிடுவீயளா?

— கும்பிடாம? அவர் நட்சத்திரம் என்ன?

— எங்கள்ல ஏது மாமி நட்சத்திரம்?

— நட்சத்திரமும் இல்லாம கோத்ரமும் இல்லாம எப்படி சங்கல்பம் பண்றது?

— அப்போ முடியாதா?

— இருடி, கொஞ்சம் யோசிக்க விடு.

— ஒண்ணு மட்டும் சொல்லுதேன் மாமி. நீங்க கும்பிட்டு அவுக எந்திரிச்சாவன்னா, கண்ணு முழிச்சதும் உங்க பேரத்தான் சொல்லுவாவ. அதையும் நா கேட்டுக்கிட்டு நிக்கணும்.

— சொல்லட்டுமே! எனக்கு எரிஞ்ச மாதிரி உனக்கும் நன்னா எரியட்டும். அதுக்கு மொதல்ல அவர் வெளிய வரணுமோல்லியோ? அழாம, அவர் உம்மா பேரைச் சொல்லு. வளத்தவ பேரு வேண்டாம் கேட்டியா, பெத்தவ பேரு.